தொண்டைத் தொற்றுக்குப் பின் சிறுநீரக அழற்சி: சிறுநீரில் இரத்தம் எவ்வளவு காலம் தென்படும்?

கேள்வி:
தொண்டை வலியும் காய்ச்சலும் வந்துபோன 10 நாட்களில் என் 7 வயது மகனுக்கு முகம் வீங்கி, சிறுநீர் கடும் தேநீர் நிறமாக மாறியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைத் தொடர்ந்த சிறுநீரக அழற்சி என்றார்கள். வீக்கம் வடிந்து மூன்று மாதங்கள் ஆகியும், நுண்ணோக்கிப் பரிசோதனையில் இரத்த அணுக்கள் தென்படுகின்றன. உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் கொடுக்காதது என் தவறா?

மறுமொழி 1 (குழந்தை நல மருத்துவர்):
உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கிருமி நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் கிருமியின் கூறுகளோடு சேர்ந்து, சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளில் படிவதால்தான் அழற்சி உண்டாகிறது என்பதால், ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கக்கூடும். நுண்ணளவு இரத்தம் ஓராண்டு வரை கூட நீடிக்கலாம். நான் அதிகம் கவனிப்பது இரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும்தான். இந்த அழற்சியின்போது இரத்தத்தில் குறையும் சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு 8 வாரங்களுக்குள் இயல்புக்குத் திரும்பியதா? திரும்பாவிட்டால் வேறு சிறுநீரக நோய் உள்ளதா என்று ஆராய வேண்டும்.

மறுமொழி 2:
என் மகளுக்குத் தோல் புண்ணுக்குப் பிறகு, ஏறத்தாழ 4 வாரங்கள் கழித்து வந்தது. உப்பைக் குறைத்து, நீர் வெளியேற்றும் மருந்து கொடுத்தோம், முழுமையாகத் தேறிவிட்டாள்.

கேட்டவர்:
சி3 இயல்பாகிவிட்டது, இரத்த அழுத்தமும் சரியாக உள்ளது. மனமார்ந்த நன்றி.