குஞ்சுகள் சாகின்றன, என்ன மருந்து கொடுப்பது? அவசரம்

மாடிக்கொட்டகை:
வணக்கம். வீட்டுக் கறிக்காக வளர்க்கும் குஞ்சுகள் நேற்றிலிருந்து செத்துக்கொண்டிருக்கின்றன. மீதி எல்லாம் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. தீனி தொடவில்லை. என்ன மருந்து? சீக்கிரம் சொல்லுங்கள்.

காங்கேயத்தான்:
வயது என்ன? நாட்டுக்கோழியா, பிராய்லரா? எச்சம் என்ன நிறம்?

வேப்பமரத்தடி:
வெள்ளைக் கழிச்சல்தான். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து இதுதான்.

பண்ணைக்காரர்:
தடுப்பூசி போட்டாரா என்றே தெரியாது, அதற்குள் வைத்தியமா? வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரம் கண்ணில் சொட்டு மருந்து, நாலாம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. இங்கே எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. இதைக்கூடப் படிக்காமல் கோழி வாங்குகிறார்கள்.

சந்தைப்பேட்டை:
பிராய்லர் குஞ்சாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கும் சாதி, வீட்டில் நிற்காது.

பண்ணைக்காரர்:
ஹார்மோன் எல்லாம் வதந்தி. ஆயிரக்கணக்கான கோழியைத் தினமும் பிடித்து யார் ஊசி போடுவது? தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், கணக்குப் பார்த்துக் கலந்த தீனி. ஆறு வாரத்தில் 2 கிலோ வருவது அதனால்தான்.

சந்தைப்பேட்டை:
ஊசி வேண்டாம், தீனியில் கலந்தால்?

பண்ணைக்காரர்:
வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும். ஆன்டிபயாடிக் கலக்கிறார்களா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

காங்கேயத்தான்:
இதற்குத் தனி இழை போடுங்கள். மாடிக்கொட்டகை, இருக்கிறீர்களா?

மாடிக்கொட்டகை:
மன்னிக்கவும், கொட்டகையில் இருந்தேன். நாட்டுக்கோழி, நாலு வாரம் ஆகிறது. முதல் சொட்டு மருந்து மட்டும் போட்டது. எச்சத்தில் ரத்தம் இருக்கிறது. போன வாரம் சாரல் அடித்து உமி நனைந்துவிட்டது.

காங்கேயத்தான்:
அப்படியென்றால் ரத்தக் கழிச்சலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வெள்ளைக் கழிச்சலில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும், மூச்சு இழுக்கும், சிலதுக்குக் கழுத்து திருகும். ரத்தக் கழிச்சல் குடலில் இருக்கும் ஒட்டுண்ணியால் வருவது. எச்சத்தோடு வெளியே வரும் முட்டை, ஈர உமியில் ஓரிரண்டு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். குஞ்சு அதையே கொத்தித் தின்னும். நனைந்த உமியை அடியோடு அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். செத்த குஞ்சு ஒன்றைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். குடலின் கடைசியில் இரண்டு பை இருக்கும், அதில் ரத்தம் தேங்கியிருந்தால் அறுத்த உடனே தெரியும். ரத்தக் கழிச்சல்தான் என்றால் அதற்கான ஆம்ப்ரோலியம் மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள்.

குஞ்சுப்பிரியை:
தெம்புக்குப் பி காம்ப்ளெக்ஸும் சேர்த்துக் கொடுக்கலாமே?

பண்ணைக்காரர்:
கூடாது. பி1 சத்து ஒட்டுண்ணிக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான் ஆம்ப்ரோலியம் வேலை செய்கிறது. கூடவே பி1 கொடுத்தால் மருந்து வீண். மருந்து முடிந்தபின் கொடுங்கள்.

மாடிக்கொட்டகை:
டாக்டர் அறுத்துப் பார்த்தார், ரத்தக் கழிச்சல்தான். மருந்து போய்க்கொண்டிருக்கிறது, உமி மாற்றியாயிற்று. இன்று சாவு இல்லை. எல்லோருக்கும் நன்றி.

காங்கேயத்தான்:
நல்லது. தேறியதும் லசோட்டா எப்போது போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கறிக்கு அறுக்கலாம் என்றும் கேட்டு இங்கே எழுதுங்கள்.

வேப்பமரத்தடி:
மஞ்சள் மட்டுமாவது தீனியில் கலக்கலாமா?