மரி அந்துவானெத் நாவலுக்கு அட்டை: யோசனை வேண்டும்

பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் பற்றிய வரலாற்று நாவல் ஒன்றுக்கு அட்டை வடிவமைக்கிறேன், எதுவும் சரியாக அமையவில்லை. கதை முழுக்க 1793 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, பாரிஸின் கான்சியெர்ஜெரி சிறையில் நடக்கிறது. புத்தகம் டெமி அளவு, மின்னூலுக்கும் இதே அட்டைதான். அடுத்த மாதம் அச்சுக்குப் போகவேண்டும்.

முதலில் ஓவியர் விஷே லெ ப்ரன் 1783இல் வரைந்த, கையில் ரோஜா பிடித்த ஓவியத்தை வைத்துப் பார்த்தேன். பட்டும் முத்துமாலையுமாகக் காதல் கதை மாதிரி ஆகிவிட்டது. அதே ஆண்டு பாரிஸின் சலோன் ஓவியக் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்ட வெள்ளை மஸ்லின் உடை ஓவியமும் சிறைக்குப் பொருந்தவில்லை. அதில் வைக்கோல் தொப்பி வேறு.

அப்புறம், ராணியைத் தலை துண்டிக்கும் கில்லட்டினுக்குக் கொண்டுபோகும் வழியில் ஓவியர் டேவிட் பேனாவால் வரைந்த கோட்டோவியம். கைகள் பின்னால் கட்டியிருக்க, கத்தரித்த முடி தொப்பிக்கு வெளியே தெரிய, இறுகிய வாயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கைபேசியில் சிறிதாகப் பார்த்தால் கோடுகளே தெரிவதில்லை, தடிமனாக்கினால் கேலிச்சித்திரமாகிறது. பதிப்பாளர் கேட்பதோ, வரலாற்று நாவல்களில் வழக்கமாக வரும், கழுத்துக்கு மேல் வெட்டிய, தலை தெரியாத பெண் படம். இந்த ராணிக்கா!

டேவிட்டின் கோடுகளைக் கெடுக்காமல், சிறிய அளவிலும் எடுப்பாகத் தெரிய, பின்னணி நிறத்தையும் தலைப்பு எழுத்தையும் எப்படி அமைக்கலாம்?