தரம் 1 இற்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளை அவதானிக்கும் படிவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பகுதி முன்பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த ஆண்டு தரம் 1 இற்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளின் ஆயத்தநிலையை அவதானித்துப் பதிவதற்கு, நீங்கள் பயன்படுத்திப் பார்த்த தமிழ்ப் படிவம் ஏதேனும் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை உயிரெழுத்துகளைப் பிழையின்றி எழுதினால் போதுமெனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர். ஆனால், "புத்தகத்தை எடுத்து மேசையில் வை" போன்ற இரண்டு படிகள் கொண்ட அறிவுறுத்தலைப் பின்பற்றுதல், கேட்ட கதையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லுதல், தன் முறைவரை காத்திருத்தல், மலசலகூடத்துக்குத் தனியே சென்றுவருதல் ஆகியவற்றையே நான் முதலில் பார்க்க விரும்புகிறேன். ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதால், முந்தைய பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஏறத்தாழ ஒரு வயது இடைவெளியுடன் ஒரே வகுப்பில் அமர்கின்றனர் (ஒப்பிட்டுப் பேசும் உறவினர்கள் இதை நினைப்பதேயில்லை). ஆகவே, புள்ளியிட்டு வரிசைப்படுத்தும் படிவம் எனக்கு வேண்டாம். சில வாரங்கள் விளையாட்டினூடே நிரப்பக்கூடியதே பொருந்தும்.

மேலும், செவிப்புலனிலோ பார்வையிலோ குறைபாடு இருக்கலாமென ஐயம் எழும்போது, பெற்றோர் மனம் நோகாமல் வைத்தியரிடம் காட்டச் சொல்வதற்கு நீங்கள் கையாளும் முறையையும் எழுதுங்கள்.