மின்நிலைக் கட்டுப்பாட்டைப் பயனர்வெளிக்கு (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்கு) எந்த வடிவில் தருவது?

கேள்வி:
லினக்ஸில் இயங்கும் ஒரு சென்சாருக்கு டிரைவர் எழுதி வருகிறேன். அதற்கு மூன்று மின்நிலைகள் உண்டு. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்தெழ அதற்கு ஏறத்தாழ 40 மில்லிநொடி ஆகிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடத்தில்) ஒரு கோப்பை வைத்து, அதில் 0, 1, 2 என எந்த எண்ணை எழுதினாலும் சென்சார் அந்த நிலைக்குச் செல்லுமாறு அமைத்தேன். ஆனால் இரண்டு நிரல்கள் எழுதும்போது கடைசியாக எழுதியதே நிற்கிறது. முழு மின்நிலையைக் கோரிய நிரல் இடையில் செயலிழந்துவிட்டால், பேட்டரி தீரும்வரை சென்சார் அந்நிலையிலேயே கிடக்கிறது. எல்லாக் கோரிக்கைகளையும் ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) வழியாக அனுப்பினால் தீருமா, அல்லது இடைமுகமே தவறானதா?

மறுமொழி 1:
இடைமுகமே தவறானது என்பேன். மின்நிலையின் எண் சென்சாரின் உள்விவகாரம். அடுத்த பதிப்பில் நான்கு நிலைகள் வந்தால் 2 என்பதன் பொருளே மாறிவிடும், ஆனால் பயனர்வெளி நம்பியிருக்கும் ஒன்றைக் கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதியில்) பிறகு மாற்ற விடமாட்டார்கள். நிரலுக்கு உண்மையில் தெரிந்தது, தன்னால் எவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பது மட்டுமே. அதைக் கேளுங்கள், நிலையை டிரைவர் தேர்ந்தெடுக்கட்டும்.

இதற்கு முன்மாதிரி கெர்னலிலேயே உள்ளது. 'சிபியு டிஎம்ஏ லேட்டன்சி' என்ற சாதனக் கோப்பைத் திறந்து, மைக்ரோநொடியில் ஒரு 32 பிட் எண்ணை எழுதிவிட்டு, நிரல் அதை மூடாமல் வைத்திருக்க வேண்டும். வந்திருக்கும் கோரிக்கைகளுள் மிகக் குறைந்ததைக் கெர்னல் ஏற்கிறது. நிரல் கோப்பை மூடினாலோ, செத்துப்போனாலோ அதன் கோரிக்கை தானாக நீங்குகிறது. உங்கள் இரண்டு சிக்கல்களும் டீமன் இல்லாமலேயே தீர்கின்றன.

மறுமொழி 2:
பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ஃபைல் டிஸ்கிரிப்டரில் (நிரல் திறந்துவைத்திருக்கும் கோப்பின் பிடியில்) கட்டிவிட முடியாது. ஒரு சாதனத்தின் ரன்டைம் மின்மேலாண்மைக்கான (கணினி ஓடும்போதே சும்மா இருக்கும் சாதனத்தை உறங்கவைப்பதற்கான) 'கன்ட்ரோல்' கோப்பில் நிர்வாகி 'ஆட்டோ' (உறங்கலாம்) என்றோ 'ஆன்' (உறங்கக் கூடாது) என்றோ எழுதுகிறார். எழுதிய ஷெல் மூடியபின்னும் அந்த முடிவு நிலைத்திருக்க வேண்டும், ஏனெனில் அது ஒரு நிரலின் தற்காலிகத் தேவையன்று, கணினிக்கான கொள்கை. எழுதியவர் இறந்தபின்னும் எழுத்து வாழவேண்டுமா என்று கேட்டுப்பார்த்தால் எது எங்கே இருக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இவ்விரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2012இல் 3.5 கெர்னலில் ஆட்டோஸ்லீப்புடன் (கணினியைத் தானாக உறங்கவைக்கும் வசதியுடன்) வந்த, அந்த உறக்கத்தைத் தடுக்கும் 'வேக் லாக்' கோப்பைப் பாருங்கள். அதில் எழுதிய பெயர், காலவரம்பு கொடுக்காவிட்டால், 'வேக் அன்லாக்' கோப்பில் மீண்டும் எழுதும்வரை நீங்காது. எழுதிய ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உயிரோடு இருக்கிறதா என்று கெர்னல் பார்ப்பதில்லை. உங்கள் இரண்டாம் சிக்கல் அங்கே அப்படியே இருக்கிறது.

பூஜ்யத்தின் பொருளையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 'சிபியு டிஎம்ஏ லேட்டன்சி'யில் 0 என்றால் தாமதமே கூடாது. சாதனங்களுக்கான 'ரெஸ்யூம் லேட்டன்சி' கோப்பிலோ 0 என்றால் எவ்வளவு தாமதமானாலும் பரவாயில்லை. தாமதமே கூடாது என்பதற்கு 'என்/ஏ' என்று எழுதவேண்டும். இதில் நான் ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

மறுமொழி 3:
சென்சார் கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பக்கூடியது என்றால் இன்னொரு பொறி உண்டு. பயனர்வெளி எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்து, சஸ்பெண்ட் கட்டளையை (கணினியை உறங்கவைக்கும் கட்டளையை) எழுதுவதற்கு முந்தைய நொடியில் ஒரு நிகழ்வு வந்தால், யாரும் கவனிக்காமல் கணினி உறங்கிவிடும். 2010இல் 2.6.36 கெர்னலில் வந்த 'வேக்அப் கவுண்ட்' இதற்காகவே: எண்ணைப் படித்து, ஆயத்தம் முடித்து, அதே எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். இடையில் நிகழ்வு வந்திருந்தால் அந்த எழுத்தே தோற்கும். அதன்பின் வந்தால் சஸ்பெண்ட் பாதியில் கைவிடப்படும்.

கேட்டவர்:
நன்றி. சென்சார் கணினியை எழுப்புவதில்லை என்பதால் மூன்றாவது இப்போதைக்குத் தேவைப்படவில்லை. தாமத வரம்பைச் சாதனக் கோப்பிலும், நிர்வாகியின் உச்சவரம்பைச் சிஸ்எஃப்எஸ்ஸிலும் வைக்கப்போகிறேன். நிரல் ஃபோர்க் செய்தால் (தன் நகலாக ஒரு பிள்ளை ப்ராசஸை உருவாக்கினால்) கோரிக்கை என்னவாகும்?

மறுமொழி 1:
பிள்ளை ப்ராசஸிடமும் அதே டிஸ்கிரிப்டர் இருக்கும். தாய் செத்தாலும் கோரிக்கை நீங்காது. பிள்ளை வேறு நிரலை எக்ஸெக் செய்வதாக (தன் இடத்தில் அந்த நிரலை ஓடவிடுவதாக) இருந்தால் 'க்ளோஸ் ஆன் எக்ஸெக்' கொடியுடன் திறந்தால் போதும். வெறும் ஃபோர்க் என்றால் பிள்ளை அதைத் தானே மூடவேண்டும். ஆவணத்தில் இதைக் கட்டாயம் எழுதிவையுங்கள்.