புது ஐ20 என் லைன்: எட்டு நாள், 640 கிலோமீட்டர், ஒரு கொல்லிமலை

மலைப்பாதை (சேலம்):

ஹூண்டாய் ஐ20 என் லைன், என்8 வேரியன்ட், மேனுவல் கியர், தண்டர் ப்ளூ நிறம். ஆன்-ரோடு விலை, கொசுறாகக் கிடைத்த மேட் கதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் மனசு ஆறாது.

முதலில் ஊருக்குள் தெரிந்தவை. சஸ்பென்ஷன் இறுக்கம். சாதாரண ஐ20 அசைந்து கடக்கும் பள்ளம் இதில் நேராக இடுப்பில் வந்து இறங்குகிறது. அதே வண்டி ராசிபுரம் போகும் நாற்கரச் சாலையில் 100-ஐத் தொட்டதும் ரோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஸ்டியரிங்கில் நல்ல கனம் வருகிறது. எக்சாஸ்ட் சத்தம் உள்ளே இருப்பவரைவிட வெளியே நிற்பவருக்குத்தான் நன்றாகக் கேட்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு மதில் சுவர் ஓரமாகப் போய்ப் பாருங்கள், நமக்கும் கிடைக்கும்.

சரி, ஞாயிறு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை. அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்; அந்த ரூட்டில் மட்டும் பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறார். காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு.

ரன்னிங்-இன் சமயம், அதாவது புது இஞ்சின் பழகும் காலம் என்பதால் இஞ்சினை வருத்தக்கூடாது என்று ஒரே கவனம். முதல் 1000 கிலோமீட்டர் இஞ்சின் சுற்று வேகத்தை (ஆர்பிஎம்) 2000-க்கும் 4000-க்கும் நடுவில் வைத்து ஓட்டச் சொல்லி கையேட்டில் இருக்கிறது. எனக்கு 4000-ஐத் தாண்டக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் நின்றது. மூன்றாவது கியரிலேயே போட்டு இதமாக ஏற்றிக்கொண்டிருந்தேன். இருபதுகளில் ஒரு வளைவு, மேலேயிருந்து பஸ் வருகிறது. வேகத்தைக் குறைத்தேன், கியரைக் குறைக்கவில்லை. ஆர்பிஎம் காட்டும் டாக்கோ முள் 1200-க்கு வந்துவிட்டது. வண்டி உதறியது. மிதித்தேன், ஒன்றுமில்லை. இன்னும் மிதித்தேன். அப்போது டர்போ இஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்று, அந்த மொத்த பூஸ்ட்டும், வளைவின் நடுவில் ஒரேயடியாக வந்தது. முன் சக்கரம் தரையைப் பிராண்டியது, மூக்கு தடுப்புச் சுவர் பக்கம் போனது. ஒரு நொடிதான். அப்பாவின் கை டேஷ்போர்டில் ஊன்றியிருந்தது.

அவர் எதுவும் சொல்லவில்லை. மூன்று வளைவு தாண்டி, "ஓரங்கட்டு" என்றார்.

செருப்பைக் கழற்றிப் பின் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "ரிவர்ஸ் எங்க?" என்று ஒன்று மட்டும் கேட்டார். அப்புறம் சோளக்காடு வரைக்கும் அந்த மனுஷன் ஓட்டியதை நான் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். வளைவுக்கு முன்னாலேயே பிரேக், ரெண்டாவது கியர், ஒரு ஹாரன், திரும்பி முடிக்கும் நேரத்தில் மெதுவாக ஆக்சிலேட்டர். டாக்கோ முள்ளை நான்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் பார்க்கவே இல்லை. முள் 2000-க்குக் கீழே இறங்கவில்லை, 3500-க்கு மேலே ஏறவும் இல்லை. வண்டி ஒரு இடத்திலும் உதறவில்லை. எட்டு நாளில் இந்த இஞ்சின் இவ்வளவு வழவழப்பாக ஓடி நான் கேட்டதே இல்லை.

மேலே போய் நிறுத்தியதும் நான் பட்டனை அழுத்தப் போனேன். "அணைக்காத. டர்போ வண்டிதான இது? ரெண்டு நிமிஷம் ஓடட்டும்" என்றார். லேலண்டு பஸ்ஸில் டர்போ வந்த காலத்துப் பழக்கம்.

இறங்கி நின்றுகொண்டு சொன்னார்: "வண்டி கேக்குது, நீ குடுக்க மாட்டேங்கிற."

மூன்று நாளாக இதே வாக்கியம் மனதில் ஓடுகிறது.

கோவை ஆரஞ்சு:

வாழ்த்துகள் நண்பரே. அப்பாவுக்கு என் வணக்கம்.

நான் டாடா அல்ட்ராஸ் ரேசர் ஓட்டுகிறேன். அதே 120 பிஎஸ் பவர், இழுவிசையான டார்க் மட்டும் 170 நியூட்டன் மீட்டர், உங்களுடையது 172. கோவை ரேஸ் டிராக்கில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் ஓட்டி ரெக்கார்ட் போட்ட கார். கறுப்பு பானெட், வெள்ளைக் கோடு. எடுத்த மூன்றாம் நாள் வால்பாறை. ஆழியாறு தாண்டி ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணை முழுவதையும் மேலேயிருந்து பார்த்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்து, பானெட் கோட்டில் விரலை வைத்து, கண்ணாடி வரைக்கும் இழுத்துக்கொண்டே நடந்தான். அவனுடைய அப்பா அதட்டினார், நான் விடச் சொன்னேன். என் வண்டியை வேறொருவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'என் லைன்' (N Line) வேறு, 'என்' (N) வேறு. உண்மையான 'ஐ20 என்' 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ், 275 நியூட்டன் மீட்டர். அது இந்தியாவுக்கு வரவே இல்லை. நமக்குக் கிடைப்பது ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர். எழுத்தை ஒட்டிவிட்டதால் மட்டும் பெர்ஃபாமன்ஸ் கார் என்று சொல்லிவிட முடியாது.

பழைய போலோ:

தம்பி மலைப்பாதை, உங்கள் அப்பா சொன்னதற்குப் பின்னால் இஞ்சினியரிங் இருக்கிறது. அதை விவரமாகச் சொல்கிறேன்.

என் கதை சின்னது. 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதுவும் டர்போதான், போன வருஷம் விற்றேன். வாங்கியவர் தெருமுனையில் திரும்பி, ரெண்டாவதில் போட்டு இழுத்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவ்வளவுதான்.

இப்போது விஷயம். சின்ன டர்போ இஞ்சினில் 1500-க்குக் கீழே எக்சாஸ்ட் காற்று போதாது, டர்போ சுற்றாது. அந்த நேரத்தில் நீங்கள் கையில் வைத்திருப்பது டர்போ இல்லாத ஒரு லிட்டர் இஞ்சின்தான். அதை வைத்து ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டியைச் செங்குத்தில் ஏற்றப் பார்க்கிறீர்கள். மிதித்தவுடன் வராது. வரும்போது மொத்தமாக வரும். முன் சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் இழுக்கிற வேலை கூடினால் திரும்புகிற வேலை கெடும். உங்கள் வண்டி சுவர் பக்கம் போனது அதனால்தான்.

அதைவிட முக்கியம் இஞ்சின் ஆரோக்கியம். டைரக்ட் இஞ்செக்‌ஷன் டர்போவைக் குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில் போட்டு முழுக்க மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பிஸ்டனுக்கு அது சுத்தியல் அடி. மெதுவாகப் போவதால் இஞ்சினைக் காப்பாற்றுகிறோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரிய கியரில் மெதுவாகப் போய் மிதிப்பதுதான் அதைக் கொல்லும். ஆயிலும் கையேட்டில் சொன்ன கிரேடுதான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை ஊற்றாதீர்கள்.

அப்புறம் ரன்னிங்-இன். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டக்கூடாது. நாற்கரச் சாலையில் 100 வைத்து அப்படியே போகாதீர்கள், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படிவதற்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டும். மலையில் நன்றாக இழுத்த பிறகு நிறுத்தும்போது ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டர்போவின் தண்டு ஆயிலில் சுற்றுகிறது. சூடாக இருக்கும்போதே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று அங்கேயே கருகும். இறங்கும்போது ஏறிய அதே கியர், நியூட்ரல் கூடவே கூடாது. டயர் பிரஷரை வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பங்க்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பார்கள், விடாதீர்கள்.

அண்ணா நகர் டிசிடி:

போலோ சார், நீங்கள் எழுதியதில் தப்பில்லை. ஆனால் அவர் அப்பாவைப் பற்றி எழுதினார், நீங்கள் பிஸ்டன் ரிங்குக்குப் போய்விட்டீர்கள்.

நானும் 'என் லைன்'தான், ஏழு கியர் டிசிடி, அதாவது ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக். எனக்குத் தொண்டையில் நிற்பது டெலிவரி நாள். ஷோரூம் பெயர் வேண்டாம். துணியை நான் விலக்கினேன். கேக் வெட்டினேன். பிறகு அந்தப் பெரிய அட்டைச் சாவியையும் உண்மையான சாவியையும் என் தம்பி கையில் கொடுத்தார்கள். அவன் போட்டோ எடுக்க வந்தவன். புக்கிங் என் பெயரில், லோன் என் பெயரில், டெஸ்ட் டிரைவ் மூன்று முறை நான்தான் போனேன். சேல்ஸ் ஆள் அவனைப் பார்த்து, "சார், ஸ்போர்ட் மோடு இங்க இருக்கு" என்று விளக்க ஆரம்பித்தார். தம்பி ஒன்றும் பேசாமல் சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினான். சேல்ஸ் ஆள் நிறுத்தவில்லை, அவனிடமே பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, அமைந்தகரை நெரிசல் முடிந்ததும் ஸ்போர்ட் மோடு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் ஷிஃப்ட்டரில் நானே மூன்றாவதில் இருந்து ரெண்டாவது இறக்கினேன். முதுகில் ஒரு தள்ளு. கண் கலங்கிவிட்டது, ரோடு தெரியவில்லை, கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினேன். தம்பி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். அந்த முதல் இழுப்பைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். அட்டைச் சாவிதான் முதலில் வந்து நிற்கிறது.

கோவை ஆரஞ்சு அண்ணா, 204 பிஎஸ் இல்லாததால் இது பெர்ஃபாமன்ஸ் கார் இல்லை என்றால், எனக்கு அன்றைக்கு ஏன் அப்படி இருந்தது?

பழைய போலோ:

மேடம், வருத்தமான விஷயம். நீங்கள் சொன்னது சரி. ஒன்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்: உங்கள் வண்டியில் டிரை கிளட்ச், ஆயிலில் மூழ்காதது. பாலம் ஏறும்போது நெரிசலில் ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் சூடாகும். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இடம் விட்டதும் ஒரேயடியாக நகருங்கள்.

ஐஃபெல் தமிழன்:

கோவை ஆரஞ்சு சொன்ன அந்த 204 பிஎஸ் வண்டி என்னிடம் இருக்கிறது. ஜெர்மனி, கோப்லென்ஸ் பக்கம். 'என்' என்ற எழுத்து நம்யாங்கையும் நூர்புர்க்ரிங்கையும் குறிக்கிறது. முதலாவது கொரியாவில் அவர்கள் வண்டியை உருவாக்கும் இடம், ரெண்டாவது ஜெர்மனியில் சோதிக்கும் டிராக். அந்த டிராக் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

வாங்கிய முதல் மாதமே பொதுமக்களுக்கு டிக்கெட் கொடுக்கும் நாளில் போனேன். நோர்ட்ஷ்லைஃபே என்ற அங்குள்ள பழைய நீளமான சுற்று, 20.8 கிலோமீட்டர். வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் எல்லா வளைவும் மனப்பாடம் செய்திருந்தேன். நாலாவது கிலோமீட்டரிலேயே எல்லாம் மறந்துவிட்டது. வீடியோவில் தெரியாத மேடு பள்ளம், ஏறி இறங்கும்போது வயிறு தனியாகப் பிரிகிறது. கருசெல் என்ற கான்கிரீட் தொட்டி வளைவில் இறங்கினேன்; பல் கடகடவென்று ஆட, பின்னால் ஒரு போர்ஷே விளக்குப் போட்டுக்கொண்டே வந்தது. வலப்பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். அதன் பிறகு ஒரு பழைய வேன், குடும்பத்தோடு, அதுவும் என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவருக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

அதனால் கோவை நண்பருக்கு: 204-ஐக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன், அந்த எண் என்னை அன்றைக்கு எங்கும் கொண்டுபோகவில்லை. கொல்லிமலை வளைவில் ரெண்டாவது கியரில் அந்தப் பெரியவர் ஓட்டியதை நான் பார்த்திருக்க வேண்டும்.

கோவை ஆரஞ்சு:

ஒப்புக்கொள்கிறேன், ஓட்டுகிறவர்தான் முக்கியம். ஆனாலும் விற்கும்போது எதை எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதும் முக்கியம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். டிசிடி சகோதரி, உங்களுக்கு அன்றைக்கு இருந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை:

எல்லோரும் மலையைப் பற்றி எழுதுகிறீர்கள். இந்த வண்டி பிறக்கிற இருங்காட்டுக்கோட்டையிலேயே ரேஸ் டிராக் இருக்கிறது, 3.7 கிலோமீட்டர். சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டே ஒன்றுக்குப் போனேன். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒவ்வொரு சுற்றும் கடைசி நேரத்தில் பிரேக் அடித்தேன். ஐந்தாவது சுற்றில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. சாதாரண பிரேக் பேடும் ரோட்டுக்கான பிரேக் ஆயிலும் அந்தச் சூட்டைத் தாங்காது என்று தெரிந்தும் செய்தேன். தவறு முழுக்க என்னுடையது. ரெண்டு சுற்றுக்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற விட்டிருக்க வேண்டும். மண்ணில் இறங்கி நின்றபோது சிவப்பு பிரேக் கேலிப்பரிலிருந்து வந்த கருகிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நடுங்கியது.

மலைப்பாதை (சேலம்):

எல்லோருக்கும் நன்றி. போலோ அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டர்போ ஆயில் கருகும் என்ற இடத்தில் தலையாட்டினார். தானாகப் பற்றிக்கொள்ளும் என்ற இடத்தை ரெண்டு முறை படிக்கச் சொன்னார். "பேர் தெரியாது. சத்தம் தெரியும்" என்றார்.

டிசிடி சகோதரி எழுதியதையும் படித்தேன். அதற்கு அவர் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, அந்தப் பொண்ணு இப்ப வண்டியை நல்லா ஓட்டுதா என்று கேட்டார்.

இன்று காலை வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" என்றார்.

"912."

"ஆயிரம் ஆவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார்.