கல்லில் இருக்க வேண்டிய ஊர்ப்பெயர்

நம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இடுகாடு சுற்றுவதாகக் கேள்விப்பட்டு, துபாயிலிருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் காரணம் கேட்டு எழுதியிருந்தார். வீட்டிலும் இதே கேள்விதான். நான் திரும்பும் நேரம் பார்த்து என் மனைவி வாசலில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்துவிடுவார். கால் கழுவி, நேரே குளியலறைக்குப் போன பிறகுதான் மற்றப் பேச்சு. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் போவதை நிறுத்த முடியவில்லை.

என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவரைக் ‘கப்பலுக்குப் போன தாத்தா’ என்றுதான் சொல்வார்கள். சில ஆண்டுகள் பணம் வந்தது, பிறகு அவர் இறந்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது, அதன் பிறகு ஆடி அமாவாசைக்கு அவர் பெயரையும் சேர்த்துத் திதி கொடுத்தார்கள். எரித்தார்களா, புதைத்தார்களா, எந்த இடம் என்று எவருக்கும் தெரியாது. எனக்கு இங்கே வேலை கிடைத்தபோது அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இடம் தெரிந்தால் ஒரு பிடி மண் எடுத்து வரவேண்டும்.

முதலில் நான் போனது ஓர் அலுவலகத்துக்கு. பழைய பதிவேடுகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சிய பக்கங்களில் பெயரும் தேதியும் இருந்தன, ஊர் இல்லை. கப்பலுக்குப் போன தாத்தாவின் பெயரிலேயே பலர் இருந்தார்கள். அவர்களில் நம்மவர் யார் என்று எதை வைத்துச் சொல்வது? வெறும் பெயர் ஒரு மனிதனை அடையாளம் காட்டப் போதாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுமுதல் எந்தக் கல்லைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது ஊர்ப்பெயரைத்தான்.

ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் ஈழத்தலரி மரங்களின் நிழலில் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1786இல் இந்தத் தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் மலேரியாக் காய்ச்சலில் இறந்து 1794இல் அடக்கமானது அங்கேதான். அவருடைய சிலை கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கிறது. அவர் முகத்தைக் காட்டும் படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் சாயலில் அதை வடித்தார்கள் என்பார்கள். முகம் தொலைந்துபோனாலும் கல்லறை தொலையவில்லை.

நம்மவர்களில் பெயர் நிலைத்தவர்களும் உண்டு. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் என்னும் கப்பித்தான் கிளிங் 1834இல் காலமானார். அவர் அடக்கத்தலத்தைக் கம்போங் கோலம் வீதியில் இன்றும் பார்க்கலாம். அதற்குச் சற்றுத் தள்ளி, சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது அடங்கியிருப்பது நாகூரில். இங்கே அவர் உடல் இல்லை. கடல் கடந்து வந்த மக்கள் தங்கள் கரையை நினைத்துக்கொள்ள எழுப்பிய இடம் இது. அந்தப் பச்சைப் போர்வையின் முன் நின்றபோது, இறந்தவருக்குத்தான் நினைவிடம் என்று எண்ணியிருந்த நான், ஊரை விட்டு வந்தவர்களுக்கும் அது தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டேன்.

எனக்குப் பொறாமை தருபவை சீனர்களின் கல்லறைகள். ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங் என்னும் முன்னோர் வழிபாட்டு நாள் வரும்போது பத்து லஞ்சாங், மவுண்ட் எர்ஸ்கின் இடுகாடுகளில் குடும்பம் குடும்பமாக ஏறிப் புல் வெட்டி, கல்லைக் கழுவி, எழுத்துக்கு மறுபடியும் வண்ணம் பூசுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை என்னைத் தம்மோடு அழைத்துப்போனார். அவருடைய தாத்தாவின் கல்லில், உச்சியில், மற்ற எழுத்துகளிலிருந்து ஒதுங்கி இரண்டு எழுத்துகள் இருந்தன. அவற்றின் பொருளைக் கேட்டேன். சீனாவில் தம் தாத்தா பிறந்த ஊர்ப்புறத்தின் பெயர் என்றார். பிறகு தூரிகையை என் கையில் கொடுத்து அந்த இரண்டு எழுத்துக்கும் என்னையே வண்ணம் பூசச் சொன்னார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மலைச்சரிவில் இருக்கும் பழைய கற்களில் பெரும்பாலானவை, தமக்குரியவர் எங்கிருந்து வந்தவர் என்பதை நெற்றியிலேயே சொல்கின்றன.

நமக்கு அந்த மரபு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானவை. அவற்றுள் ஒன்று, பேடு தீயன் அந்துவன் என்பவன் கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்ததைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் சொல்கிறது. பேடு என்பதை அவனுடைய ஊர் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் ஊர், பெயர், மாண்ட இடம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. மாடு பிடிக்கப்போய் மாண்டவனுக்கு அத்தனையும் எழுதிய இனம், பால்மரம் என்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப்போய் மாண்டவர்களுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டது.

எரித்துக் கடலில் கரைப்பது நம் வழக்கம் என்பது ஒரு காரணம். கருமாதியில்கூட நாம் கல் நட்டு, எண்ணெய் வைத்து, பால் ஊற்றி, கடைசியில் அதையும் தண்ணீரில்தான் விடுகிறோம். ஆனால் தோட்டங்களில் புதைக்கப்பட்டவர்களும் ஏராளம். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது அந்த மேடுகள் போன இடம் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இரயில் பாதை போடச் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, கொண்டுபோனவர்களின் கதை இதைவிடக் கொடியது. 1942–43இல் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. அதே பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்ட மலாயாத் தமிழர்களுக்குத் தனித்தனியாக ஒரு கல்கூடக் கிடையாது. அவர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து அங்கே ஒரு நடுகல் எழுந்ததே 2023இல்தான். எண்பது ஆண்டுகள் காத்திருந்த அந்தக் கல்லை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதில் எழுத வேண்டிய பெயர்கள் இனி எங்கே கிடைக்கும்?

இப்போது இந்த மடலை எழுதவைத்த செய்திக்கு வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன், பழைய தோட்டம் ஒன்றை ஒட்டிய இடுகாட்டில், புதருக்குள் இரண்டடி உயரச் சிமெண்டுப் பலகை ஒன்றைப் பார்த்தேன். கல்தச்சர் வேலை இல்லை. சிமெண்டு காய்வதற்குள் யாரோ ஆணியால் எழுதியிருக்கிறார்கள். நண்பகல் வெயிலில் எழுத்து தெரியவில்லை. மாலை ஐந்தரை மணிக்குச் சாய்ந்த வெளிச்சத்தில், தண்ணீர் தெளித்து, பக்கவாட்டில் ஒரு கண்ணாடியைப் பிடித்தபோது கீறல்கள் நிழலாக எழுந்தன. (கம்பித் தூரிகையோ சுண்ணக்கட்டியோ கொண்டு யாரும் தேய்க்காதீர்கள், பாசியோடு எழுத்தும் போய்விடும்.) முதல் வரி, ‘இறாமனாதபுரம் ஜில்லா’. இரண்டாவது, ‘திருவாடானை தாலுகா’. அதில் ‘னை’ யானைத் துதிக்கை போல மேலே சுழித்த பழைய வடிவம். மூன்றாவது வரியின் முன்பாதி உடைந்து விழுந்திருக்கிறது, மிஞ்சியது ‘வயல்’ மட்டும். அதன் கீழே, ‘கர வருஷம் மாசி மாதம்’. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேர் நுழைந்து பிளந்திருக்கிறது.

கர வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். சிமெண்டையும் எழுத்தையும் வைத்துப் பார்த்தால் அந்த மாசி 1952ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊரும் வயலில் முடிகிற ஊர்தான். அந்தத் தாலுகாவில் வயலில் முடியும் ஊர்கள் எத்தனையோ உண்டு என்பதை நான் அறிவேன், அதனால் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், தெரிந்த அளவில் ஆண்டு ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பழைய கடித உறை கிடைத்தால் அஞ்சல் முத்திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். நம் ஊர்க்காரர் அல்லாதவரானாலும் சரி, அண்டை வயல்காரரானாலும் சரி.

சிங்கப்பூரிலிருக்கும் மச்சானுக்குத் தனியாக ஒன்று: கப்பலுக்குப் போன தாத்தா இறந்த கடிதம் வந்தபோது பாட்டி உங்கள் அம்மாவைப் பெற்றுப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது என்று அப்பா சொல்வார். அத்தையின் ஜாதக நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் வருஷத்தின் பெயரையும் மாதத்தையும் பார்த்து, இன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.