புதுப்பிப்பு: விஸ்கோஸ் நூல் கழிவு சுங்கக் குறியீடு 5505.20-இன் கீழ் விடுவிக்கப்பட்டது

இந்தோனேசியாவிலிருந்து எங்கள் ஓப்பன் எண்ட் மில்லுக்கு (கழிவுப் பஞ்சிலிருந்தும் நூல் நூற்கும் ஆலை) வரும் விஸ்கோஸ் நூல் கழிவைச் சுங்கத்தில் எந்தச் சரக்குக் குறியீட்டில், 5505.10-இல் காட்டுவதா, 5505.20-இலா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பாலியஸ்டர், அக்ரிலிக் கழிவுக்கே முன்னது. மரக்கூழிலிருந்து உருவாகும் விஸ்கோஸுக்குப் பின்னதுதான்.

பலன் தந்தது, ஆய்வக அறிக்கையை முன்கூட்டியே இணைக்கச் சொன்ன யோசனை: 75 சதவீதக் கந்தக அமிலத்தில் விஸ்கோஸ் கரைந்து, கலந்திருந்த சிறிதளவு பாலியஸ்டர் மட்டும் எஞ்சியது, எடையில் மிகுந்த இழையை வைத்தே வகைப்பாடு என்பதால் விவாதம் அத்துடன் முடிந்தது. எரித்துப் பார்ப்பது கலப்பு நூலுக்குப் போதாது. காகிதம்போல் எரிந்தாலும் ஓரத்தில் பாலியஸ்டர் கெட்டி மணியாக உருள்கிறது, அளவு தெரிவதில்லை.

எதிர்பாராதது, சில பேல்களுக்குள் (அழுத்திக் கட்டிய பொதிகள்) பனியன் கட்டிங் கிடந்தது. துணித்துண்டு 6310 என்ற வேறு குறியீட்டுக்குரியது என்பதால் அதைப் பிரித்துத் தனியே அறிவிக்க நேர்ந்தது.